புகை பூச்சில் இல்லை: பூச்சுக் குண்டுக்கு மருந்து வாங்குமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதிலிருந்து, தோட்டாவை வீட்டில் தாங்களே அடைத்துக்கொள்ளும் (ரீலோடிங்) ஐந்து பேர் பூச்சுக் குண்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார்கள். ஒருவர் குழலில் ஈயம் ஒட்டுகிறது என்றார். மற்ற நால்வருக்கும் ஒரே புகார்தான். "உள்ளரங்கில் பத்து ரவுண்டு சுட்டால் எதிரே அட்டை தெரியவில்லை. அவ்வளவு புகை. பூச்சு சரியில்லை." பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டேன். அந்த நான்கு பேர் போட்டது மிக வேகமாக, மிகச் சூடாக எரியும் மருந்து. கொஞ்சம் போட்டால் போதும், காசு மிச்சம் என்று வாங்கியது. அதில் இரண்டு பேருக்கு அந்த டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவனே நான்தான். எனவே இந்த மடலில் பாதி விளக்கம், பாதி மன்னிப்பு.

(மருந்து என்று நான் எழுதுவது தோட்டாவுக்குள் எரிந்து குண்டைத் தள்ளும் பவுடரை. ஊரில் பட்டாசுக்கும் துப்பாக்கிக்கும் அப்படித்தான் சொல்வோம். ஹூஸ்டனுக்கு வந்த பிறகும் வாய் மாறவில்லை. தொலைபேசியில் "உங்க மருந்து வந்துடுச்சு" என்று நான் சொல்வதைக் கேட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்த உறவினர்கள் உண்டு.)

முதலில் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பூச்சுக் குண்டு என்பது ஈயக் குண்டு. அதன்மேல் பிசின் கலந்த வண்ணத்தை மெல்லிசாகப் பூசி, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் அடுப்பில் வேகவைத்து, மறுபடி பூசி, மறுபடி வேகவைக்கிறார்கள். ஈயம் குழலின் வரிகளில் ஒட்டாமல் காப்பது இந்தத் தோல்தான். குண்டின் அடிப்பாகத்திலும் அதே தோல்தான் இருக்கிறது. மருந்து எரியும்போது நெருப்பு நேராக நக்குவது அந்த இடத்தை. நெருப்பு எவ்வளவு சூடோ அவ்வளவு பூச்சு கருகும். நீங்கள் பார்க்கும் புகையில் பெரும்பங்கு அது.

பூச்சு உண்மையிலேயே மோசமா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் குண்டைத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வேகவில்லை என்று பொருள். இன்னொன்றை இரும்புக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் நசுக்குங்கள். ஈயம் தட்டையானாலும் பூச்சு செதில் செதிலாக உதிரக் கூடாது. திரும்பி வந்த ஐந்து பெட்டியிலிருந்தும் எடுத்து இரண்டையும் செய்தேன். ஐந்தும் தேறின.

சரி, எந்த மருந்து வாங்குவது? நாம் வாங்கும் புகையில்லா மருந்தில் இரண்டு சாதி. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இருப்பது ஒன்று. அதோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தது மற்றொன்று. நைட்ரோகிளிசரின் ஏற ஏறப் பொதுவாகச் சூடும் ஏறும். டைட்குரூப் என்ற மருந்து சூடாக எரியும் வகை என்பது ரீலோடிங் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். .38 ஸ்பெஷல் தோட்டாவினுடையது போலப் பெரிய வயிறுள்ள கேஸில் (மருந்து அடைக்கும் கூட்டில்), மருந்து முன்னே கிடந்தாலும் பின்னே கிடந்தாலும் ஒரே மாதிரி எரிய வேண்டும் என்றே அதைச் செய்தார்கள். உறைக் குண்டுக்கு (ஈயத்தின்மேல் செம்பு உறை போட்டது) நான் இன்றும் கொடுப்பேன். பூச்சுக் குண்டை உள்ளரங்கில் சுடுபவருக்கு மட்டும் இனி நானாக எடுத்துத் தர மாட்டேன்.

அவர்களுக்கு என் முதல் கை போவது பின்லாந்தின் விட்டாவூரி என்320 பக்கம். நைட்ரோகிளிசரின் கலக்காத வகை, சுத்தமாக எரியும். விலைதான் கடிக்கும். அடுத்து அலையன்ட் ஸ்போர்ட் பிஸ்டல். பூச்சுக் குண்டை மனத்தில் வைத்தே கொண்டுவந்த மருந்து. விலை கைக்கு அடக்கமாக வேண்டும் என்றால் வின்செஸ்டர் 231. ஹாட்ஜ்டன் எச்பி-38 என்ற டப்பாவிலும் இருப்பது அதே மருந்துதான். எது இருக்கிறதோ அதை எடுங்கள், இரண்டையும் வாங்கி ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எச்எஸ்-6 போல மெதுவாக எரிபவை மென்மையான லோடில் (அழுத்தம் குறைந்த தோட்டாவில்) முழுதாக எரியாமல் துப்பாக்கிக்குள் மணல் மணலாகக் கிடக்கும். அவற்றுக்கு அழுத்தம் வேண்டும்.

காசுக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். தோட்டா ஒன்றுக்கு அரை கிரெயின் கூடுதலாகப் போனால், ஆயிரம் தோட்டாவுக்கு 500 கிரெயின், அதாவது பவுண்டில் பதினான்கில் ஒரு பங்கு. பவுண்டு 42 டாலர் என்று வைத்தால் 3 டாலர். அந்த 3 டாலரை மிச்சப்படுத்தத்தான் இத்தனை புகையும்.

சிக்கன மருந்தில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. 9 எம்எம் கேஸில் அது அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, மேலே குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். பல வருடம் முன்பு, தோட்டா அடைக்கும், கையால் சுழற்றும் பிரஸ்ஸில் வேலை செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து நெம்புகோலை இழுத்தேன். ஏதோ உறுத்த, கேஸுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் இரட்டை மருந்து. அதற்கு முன் முடித்துப் பெட்டியில் போட்டிருந்த 60 தோட்டாவையும் நம்ப முடியாமல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். அன்றிலிருந்து, இரண்டாம் முறை விழுந்தால் கேஸ் நிரம்பி வழியும் அளவுக்குப் பருமனான மருந்தைத்தான் புதியவர்களுக்குச் சொல்கிறேன். லோடிங் மேசைக்குப் போனையும் கொண்டுபோவதில்லை.

எத்தனை கிரெயின் என்று இந்த மடலில் எழுதமாட்டேன், கேட்காதீர்கள். மருந்து நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். பூச்சுக் குண்டுக்குத் தனி வரி இல்லையென்றால் அதே எடை, அதே வடிவ ஈயக் குண்டின் வரியை எடுத்து, கீழ் எல்லையிலிருந்து தொடங்குங்கள். உறைக் குண்டின் மேல் எல்லையை எடுத்துப் போடாதீர்கள். தோட்டா அளவுகளையும் அழுத்தங்களையும் வகுக்கும் அமைப்பின் பெயர் சாமி (நான் வைத்த பெயரல்ல). அந்தச் சாமி 9 எம்எம்முக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு அழுத்தம் வரை விடுகிறது; .45 ஏசிபிக்கு 21,000தான். குண்டைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினாலே 9 எம்எம்மில் அழுத்தம் சட்டென்று எகிறும். தோட்டாவின் நீளத்தை அளக்காமல் மருந்தை மட்டும் நிறுப்பதில் பயனில்லை.

போட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மென்மையான தோட்டாவுக்கான மைனர் வகுப்பில் பவர் ஃபேக்டர் (குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) 125 போதும். 147 கிரெயின் குண்டு நொடிக்கு 880 அடி போனாலே 129 வந்துவிடும். 124 கிரெயின் குண்டு அதே இடத்துக்கு வர 1040 அடி ஓட வேண்டும். கனத்த குண்டை மெதுவாக அனுப்பினால் கைக்கும் மென்மை, அடிப்பூச்சும் குறைவாகக் கருகும்.

ஈயம் ஒட்டுகிறது என்று வந்த ஐந்தாமவர் மருந்தில் தவறவில்லை. கேஸ் வாயைப் போதுமான அளவு விரிக்காததால், உட்காரும்போதே பூச்சு சீவப்பட்டிருந்தது. 9 எம்எம்மில் பூச்சுக் குண்டு பெரும்பாலும் .356 அங்குலம், உறைக் குண்டு .355. அந்த ஆயிரத்தில் ஒரு அங்குலத்துக்காக வாயை இன்னும் ஒரு இழை விரியுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டைப் பாருங்கள். சீவிய கோடு கண்ணுக்கே தெரியும்.

மீந்த மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வையுங்கள். ஹாப்பரில் (பிரஸ்ஸின் மருந்துக் குடுவையில்) விட்டுப் போனால் பிளாஸ்டிக்கை அரிக்கும்; அதைவிட, உள்ளே இருப்பது எது என்பதே மறந்துபோகும். நம் ஊர் வெயிலில் கராஜ் வேண்டாம். புளித்த நெடியோ செம்பழுப்புப் புகையோ வந்தால் அந்த டப்பாவை ஒதுக்கிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

முதலில் சொன்ன அந்தச் சூடான மருந்தை என் பேச்சைக் கேட்டு வாங்கிய இருவரும், திறக்காத டப்பா மிச்சமிருந்தால் சனிக்கிழமை கொண்டுவாருங்கள். மாற்றித் தருகிறேன். திறந்ததை எடுத்துக்கொள்ள முடியாது. அதை உறைக் குண்டுக்குப் பயன்படுத்துங்கள். அன்று குரோனோகிராஃபும் வெளியே இருக்கும், பத்துத் தோட்டா எடுத்து வந்தால் வேகம் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்