வாரண்டி இருந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

அரசு வாங்கும் கருவிகளுக்கு வாரண்டிக் காலத்தை நீட்டினால் தரம் தானாக உயரும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

வழக்கமான வாரண்டியில் பழுதானதை மாற்றிக் கொடுத்தால் நிறுவனத்தின் கடமை முடிந்தது. அந்தச் செலவையும் முன்கூட்டியே விலையில் ஏற்றித்தான் டெண்டர் போடுவார்கள். 1967-இல் அமெரிக்கக் கடற்படை விமானக் கைரோஸ்கோப்புகளுக்கு (விமானத்தின் சாய்வையும் திருப்பத்தையும் உணரும் கருவிகள்) செய்த ஏற்பாடு வேறு மாதிரி. பல ஆண்டுகளுக்கு ஒரே தொகை. நடுவே எத்தனை முறை பழுதானாலும் சரிசெய்வது நிறுவனத்தின் பாடு. பழுது குறைந்தால் மிச்சம் அவர்களுக்கு. அப்போதுதான் அடிக்கடி கெடும் பாகத்தின் வடிவமைப்பையே மாற்றும் அக்கறை வரும்.

பிறகு 1984-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஆயுதத் தளவாடங்களுக்கு வாரண்டியைக் கட்டாயமாக்கியது. அங்கேதான் கோட்டை விட்டார்கள். 1996-இல் அரசுத் தணிக்கை அலுவலகம் 15 வாரண்டிகளை ஆராய்ந்தது. அவற்றுக்காக அரசு கொடுத்தது சுமார் 9.4 கோடி டாலர், திரும்பக் கிடைத்த பலன் சுமார் 50 லட்சம் டாலர். மறு ஆண்டே சட்டத்தை நீக்கிவிட்டார்கள்.

ஏட்டில் உள்ள வாரண்டி எங்கே கோட்டைவிடப்படுகிறது என்பது கிடங்கில் நிற்பவருக்குத் தெரியும். பழுதான கருவியில் கட்டிய சீட்டில் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த நிலையில் நின்றது, ஒன்றும் இருக்காது. சில வாரம் கழித்து 'குறை ஏதும் காணப்படவில்லை' என்ற தாளோடு அதே பெட்டி திரும்பி வரும். பொறுக்க முடியாமல் நம் ஆள் நிறுவனத்தின் முத்திரையை உடைத்துத் திறந்துவிட்டால் வாரண்டியே போச்சு! (அவசரத்துக்குத் திறந்தவரைத்தான் அதிகாரிகளும் திட்டுவார்கள்.)

ஆகவே ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைக் கருவிக்குள்ளேயே பொருத்தச் சொல்ல வேண்டும். குறையில்லை என்று திரும்பிய கருவி மறுபடி நின்றால் அந்தச் செலவு யாருடையது என்பதையும், பழுதுபார்த்துத் தரவேண்டிய கெடுவையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வாரண்டிக்கான தொகையை டெண்டரில் தனி வரியாகக் கேட்பதும் அவசியம். கருவியின் விலைக்குள் அது கலந்து கிடக்கும்வரை, கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்று தணிக்கையாளராலும் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்