வேலிகாத்தான் கட்டையும் உன் காட்பாடி மனையும்

டேய் மச்சான்,

பொண்ணுக்கு ராணிப்பேட்டையிலயே வேலை கெடச்சதுல ரொம்ப சந்தோஷம்டா, தங்கச்சியையும் கேட்டதா சொல்லு. இங்க அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

மரத்தோட அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கற மேட்டருக்கு வரேன். வேலியோரம் இருந்த வேலிகாத்தானை, அதான் சீமைக்கருவேலத்தை, தரையோட வெட்டியும் மறுபடி துளிர்க்குதுன்னு பொலம்பியிருக்க, துளிர்க்காம இன்னா பண்ணும், அதோட உயிரே தண்டும் வேரும் சேர்ற கழுத்துலதான் இருக்கு, அது மண்ணுக்குள்ள கீதுடா, மேல வெட்ட வெட்ட ஒண்ணு இருந்த எடத்துல நாலா வரும். சுத்தி ஒரு அடியாச்சும் தோண்டி அந்தக் கழுத்துக்குக் கீழ அறுத்து எடு, மிச்ச ஆணிவேர் உள்ளயே மக்கிப்போவட்டும். 1870கள்ல வெள்ளக்காரன் கடப்பா பக்கம் விறகுக்குன்னு வெதச்சது, இன்னைக்கு பாலாத்துக்குள்ளயே காடா நிக்குது, உன் மனைய மட்டும் சும்மா வுட்டுடுமா? முள்ளு செருப்பைத் தாண்டி ஏறும், பூட்ஸ் போட்டுக்கோ.

கல்லுப்பு கொட்டச் சொன்னது யாருடா? கட்டைக்கு முன்னாடி மண்ணு செத்துடும், பக்கத்துல கெணறு வேற. கொளுத்தறதும் வேணாம், பச்சைக்கட்டை பத்தாது, காஞ்சது பத்திக்கிச்சுன்னா வேர் வழியா உள்ளயே நாள்கணக்குல கனலா எரியும், எந்தப் பக்கம் பொகை வரும்னே தெரியாது.

மூலையில இருக்கற வேப்பங்கட்டைதான் பெரிய தலைவலி. ஆள் ஒசரம் விட்டு வெட்டியிருந்தா கயிறு கட்டி ஆட்டியே சாய்ச்சிருக்கலாம், மரம் வெட்ற ஆளுங்க விறகு போச்சேன்னு அடியோட அறுத்துட்டுப் போயிடறானுங்க. இனிமே பக்கவேரை ஒண்ணொண்ணா தேடித்தான் வெட்டணும். தோண்டுனதும் வேர்மேல தண்ணி பீய்ச்சி மண்ணைக் கழுவிட்டு கோடாரி போடு, மண்ணுல பட்டா கூர் மழுங்கிடும். பக்கவேர் எல்லாம் போனப்புறம் செயின் பிளாக், அதான் கனத்தை இழுக்கற சங்கிலிக் கப்பி, மாட்டி இழுத்தா அசையும், ஆனா அதை காம்பவுண்டு செவுத்துல மட்டும் மாட்டிடாத, செவுருதான் மொதல்ல வரும். ஜேசிபி ஈஸிதான், உன் சந்துக்குள்ள நுழையாது, நுழைஞ்சாலும் செப்டிக் டேங்க் மேல ஏறிடும்.

இந்த சித்திரை வெயில்ல ஆரம்பிக்காத, கடப்பாரை போட்டா கணீர்னு சத்தம்தான் வரும். ஐப்பசி மழைல மண்ணு ஊறட்டும், அதுவரைக்கும் துளிர் வந்தா ஒடிச்சுப் போட்டுக்கிட்டே இரு, வேருக்கு சோறு போவாது.

வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடு, குடியாத்தம் பக்கத்துலருந்து ஆளுங்கள சொல்லி வெக்கறேன். கூலி நான் பேசிக்கறேன், நீ பேசுனா ஏமாந்துடுவ.