இதில் மண் எங்கே வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார வேளாண் பக்கத்தில் 'வடக்கத்தி சோயா நம் மண்ணுக்கு ஒத்துவரவில்லை' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். சாட்சி: ஒரு தோட்டம், ஒரு பாத்தி, ஒரு போகம். விதைத்த தேதிகூட இல்லை.

சோயா பகல் நீளம் பார்த்து, பகல் குறைந்தால் முந்திப் பூக்கிற பயிர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஜூனில் வடக்கே மத்தியப் பிரதேசத்து இந்தூரில் பகல் சுமார் 13½ மணி, கோவையில் 12¾. கார்த்திகையில் விதைத்தால் 11½ தான். அங்கே தழைத்த பிறகு பூக்கிற ரகம் இங்கே சாண் உயரத்திலேயே பூத்துவிடும். அடிக்காய் மண்ணை ஒட்டித் தொங்கும், அரிவாள் அதற்கு மேலே போகும், மகசூல் வயலிலேயே கிடக்கும். இதில் மண் எங்கே வந்தது?

நீங்கள் போட்ட படத்தில் செடி முழுக்க வெளிறி நிற்கிறது. சோயாவே போடாத நிலத்தில் அதற்கான ரைசோபியம், அதாவது வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர், இருக்காது. உளுந்துக்கு வாங்கிய பொட்டலமும் உதவாது. சோயாவுக்கென்று உள்ளதை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாண மருந்து போடுவதாக இருந்தால் அதற்கு முந்தின நாளே போட்டுவிட வேண்டும். 35-ஆம் நாள் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையோ பச்சையோ என்றால் அது வெறும் உருண்டை. உங்கள் நிருபர் கிள்ளிப் பார்த்தாரா?

போன ஆண்டு 'சோயா வெளிறினால் யூரியா தூவுங்கள்' என்று போட்டதும் இதே பக்கம்தான். அள்ளித் தூவினால் இருக்கிற முடிச்சும் வேலைநிறுத்தம் செய்யும். அப்போது எழுதிய கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்கப்போவதில்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை.

விதையையாவது பார்த்தார்களா? சோயாவின் தோல் மெல்லிசு. அடித்துப் பிரிக்கும்போதே உள்ளே விரிசல் விடும். ஒரு கோடையைக் கிடங்கில் கழித்தால் முளைப்பு சரிந்துவிடும். ஈரச் சாக்கில் 100 விதை சுருட்டி வைத்து 70-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை வைத்து ரகத்தைச் சோதிக்கவே கூடாது. பக்கத்திலேயே கோ 3 மாதிரி இங்கே பழகிய ரகத்தையும் விதைத்து, ஒவ்வொன்றையும் மூன்று பாத்திகளில் மாற்றி மாற்றிப் போட்டு, ஓர வரிசைகளை விட்டுவிட்டு எடை பார்க்க வேண்டும். அதையும் இரண்டு மூன்று ஆண்டு. பிறகு எழுதுங்கள் தீர்ப்பை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி இப்படிச் செய்தி போடும்போது விதைத்த தேதி, முளைப்பு சதவீதம், போட்ட ரைசோபியம், ஒப்பிட்ட ரகம் இந்த நான்கையும் கீழே சின்ன எழுத்திலாவது போடுங்கள். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
விதைப் பரிசோதனைப் பணியில் இருந்த ஒரு வாசகர்,
பொள்ளாச்சி