அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிக்னலில் கார் நின்றதும் இன்ஜினைத் தானே அணைத்து, கிளட்ச்சை மிதித்ததும் உயிர்ப்பிக்கும் வசதி இப்போது நடுத்தர விலைக் கார்களிலும் வருகிறது. பெட்ரோல் விற்கும் விலையில் இது பெரிய உதவி. ஆனால் பலர் வண்டியில் ஏறியதுமே பொத்தானை அழுத்தி அதை முடக்கிவிடுகிறார்கள். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற பயம்! அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும்படியே இவ்வகைக் கார்களில் அவை வலுவாகப் பொருத்தப்படுகின்றன. பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருந்தால் இன்ஜின் அணையவே அணையாது. காரை ஒப்படைக்கும் நாளில் விற்பனையாளர்கள் இதை விளக்கினாலே போதும். அவர்களோ சாவியைக் கொடுத்துப் படம் எடுப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

டயரில் காற்று குறைந்தாலும் எரிபொருள் வீணாகும். அதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா 2007-லேயே புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. இங்கோ குறைந்த விலைக் கார்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்கள் வாங்கும் கார்கள் அவைதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லாக் கார்களுக்கும் இக்கருவியைக் கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், தாம்பரம்