கூட வந்தவரிடம் அல்ல, நோயாளியிடம் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டாக்டர் எழுந்து வழிவிட, நோயாளி மையத்துக்கு வந்துகொண்டிருப்பதாகக் கட்டுரையாளர் நம்புகிறார். நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பார்த்தவரை அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் கூட வந்தவர். அவரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

புறநோயாளிப் பிரிவில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஸ்டூலில் அம்மா, பின்னால் ஃபைலோடு மகன். "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா?" என்ற கேள்வி அம்மாவின் தலைக்கு மேலே மகனுக்குப் போகும். பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் "போடுகிறார்கள் சார்" என்று பதில் வந்துவிடும். அறுவை சிகிச்சை என்றால் இன்னும் மோசம். 'எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது' என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடித்திருக்கும். விளக்கமோ வராந்தாவில் கணவருக்கோ மைத்துனருக்கோ நடந்து முடிந்திருக்கும். கட்டிலுக்கு வருவது படிவமும் ரேகை வைக்கும் மையும்தான்.

இதை வெறும் மரியாதைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. டெல்லியில் ஒரு பெண், என்ன நோய் என்று வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்காக மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உடனே எடுக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலை இல்லை. வயது வந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காகத் தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வளவு தகவல் சொன்னால் போதும் என்பதை மட்டும் அதே தீர்ப்பு மருத்துவர்களின் வழக்கத்துக்கே விட்டுவிட்டது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமோ 2015இல் தன் நாட்டில் இந்த அளவுகோலையும் மாற்றியது. சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணியிடம், பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று மருத்துவர் சொல்லாமல் விட்ட வழக்கு அது. அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியமாக நினைப்பார் என்பதே அளவுகோல் என்றது அந்த நீதிமன்றம்.

சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951இல் நோயாளிக்கு வகுத்த கடமை இரண்டு: குணமாக விரும்ப வேண்டும், மருத்துவருக்கு ஒத்துழைக்க வேண்டும். வந்து போகும் காய்ச்சலுக்கு அது சரி. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்தால் போவதில்லையே! டாக்டர் மாதம் ஒருமுறை பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அந்த அம்மாதான். வைத்தியம் செய்துகொள்ளப் போகிறவரிடம் சொல்லாமல், ஃபைல் தூக்கி வந்தவரிடம் சொல்லி என்ன பயன்?

குடும்பம்தானே நம் பலம் என்பார்கள். மறுக்கவில்லை. இரவெல்லாம் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பவர்கள் உறவினர்கள்தான். ஆனால் முடிவு என்று வரும்போது பாயில் படுத்த மகளைவிடப் பணம் கட்டும் மருமகனின் பேச்சே எடுபடுகிறது.

டாக்டர்களுக்கு நேரமில்லை என்பதும் தெரியும். ஒரு நோயாளிக்கு வங்கதேசத்தில் சராசரியாக 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நம் வரிசைகள் எந்தப் பக்கம் என்று வாசகர்களுக்கே தெரியும். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறையும் சேர்ந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அந்த மாணவர்கள் பெரிய டாக்டர்களாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஓ.பி. சீட்டு போடும்போதே, "உங்கள் நோயைப் பற்றி யாரிடம் பேசலாம்?" என்று நோயாளியிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதிவிடலாம். இதற்கு அரை நிமிடம் ஆகாது. "என் மகனிடமே சொல்லிவிடுங்கள்" என்று பலர் சொல்லக்கூடும். தாராளமாகச் சொல்லட்டும், அதை அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்