அந்த வரி பாரிங்டனுடையது அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் முதல் நாடக மேடைகள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1796 ஜனவரி 16 அன்று சிட்னியில், இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் நாடக அரங்கு திறந்தபோது ஜார்ஜ் பாரிங்டன் முன்னுரைக் கவிதை படித்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதில் வரும் "நாட்டின் நன்மைக்காகவே நாட்டை விட்டு வந்தோம்" என்ற வரி யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அன்று மேடையில் அதை யாரும் சொன்னதற்குச் சான்று இல்லை. எழுதியவர் ஹென்றி கார்ட்டர் என்ற ஆங்கிலேயர் என்றுதான் இப்போது மேற்கோள் அகராதிகளும் போடுகின்றன.

பாரிங்டன் லண்டன் ஜேப்படிக்காரர்களில் நட்சத்திரம். கோவென்ட் கார்டன் நாடக அரங்கில் ரஷ்யப் பிரபு ஆர்லோவின் வைரம் பதித்த பொடி டப்பாவில் கை வைத்தவர். 1791-ல் அவரை நாடு கடத்திய பிறகு, அவர் பெயரை அட்டையில் போட்டாலே புத்தகம் விற்கும் என்று லண்டன் பதிப்பாளர்கள் தெரிந்துகொண்டார்கள். சிட்னியைப் பற்றி அவர் பேரில் வந்தவை பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதிலிருந்து உருவியவை. (ஜேப்படிக்காரர் பேரிலேயே ஜேப்படி!) இந்தக் கவிதையும் அப்படித்தான் அவர் கணக்கில் ஏறியது. ஃபில்ச் வேடம் என்றால் எனக்குச் சொந்த வீடு மாதிரி என்று அதில் ஓரிடம் வருகிறது. ஃபில்ச், பழைய நாடகம் ஒன்றில் வரும் ஜேப்படிக்காரன். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், ஷேக்ஸ்பியரின் மக்பெத் சீமாட்டி தூக்கத்தில் பேசுவதைச் சொல்லிவிட்டு, எங்கள் பெண்களுக்கு இரவில் நடந்து பழக்கம்தான் என்கிறது கவிதை. விலைமாதர் என்ற குத்தல் அது. சிட்னி நாடகக் குழுவில் திருமதி டேவிஸ் என்ற நடிகை இருந்தார். ஆளுநர் அனுமதியோடு நடக்கும் நாடகத்தில், தங்கள் நடிகையை வைத்துக்கொண்டே இப்படிப் பேசித் திறப்பு விழா நடத்துவார்களா? எங்கோ தூரத்தில் உட்கார்ந்து கைதிகளைப் பார்த்துச் சிரிக்கும் ஆளின் நக்கல் இது.

அந்த அரங்கைப் பற்றி அப்போது சிட்னியில் சட்ட அதிகாரியாக இருந்த டேவிட் காலின்ஸ் எழுதியிருக்கிறார். கேலரிக்கு ஒரு ஷில்லிங். கையில் காசில்லாதவர்கள் மாவு, இறைச்சி, சாராயம் என்று அந்த மதிப்புக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். நடிகர்களில் தேறியவர் கிரீன் என்கிறார். வெற்றி எங்கள் கையில் இல்லை, அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளப் பார்ப்போம் என்பது குழுவின் வாசகம். அந்த அடக்கம் எங்கே, அந்தக் கவிதை எங்கே!

சிலர் இதே வரியை, 1789 ஜூன் 4 அன்று மன்னர் பிறந்தநாளுக்குச் சிட்னியில் ஒரு குடிசையில் நடந்த நாடகத்தோடும் முடிச்சுப் போடுகிறார்கள். அப்போது பாரிங்டன் இங்கிலாந்தை விட்டே கிளம்பவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். பாரிங்டனுக்கு ஒதுக்கிய அரைப் பக்கத்தை, அரங்கை நடத்திய ராபர்ட் சிடவேக்கும் கிரீனுக்கும் திருமதி டேவிஸுக்கும் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி