பாப்பாவின் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

"அவளுக்குத்தான் வேறு கல்யாணம் ஆகிவிட்டதே, இனி ஆஸ்பத்திரிச் செலவை அவரே பார்த்துக்கொள்ளட்டும்" என்றீர்களாம். அந்த 'அவர்' நான்தான். பார்த்துக்கொள்கிறேன், அதில் வருத்தமில்லை. ராத்திரி வீசிங் வந்தால் பில் யார் பெயரில் என்றா யோசிப்பேன்? ஆனால் நான் நினைத்தாலும் முடியாத இடம் ஒன்று இருக்கிறது. நேரில் பேசினால் குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன்.

என் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸில் பாப்பாவைச் சேர்க்கக் கேட்டேன். சொந்தப் பிள்ளையாகவோ சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையாகவோ இருக்க வேண்டும் என்றார்கள். (எல்லா பாலிசியும் இப்படியில்லை, எங்களுடையது இப்படி.) தத்தெடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். கொடுத்தால், சட்டப்படி நீங்கள் அவளுக்கு அப்பா இல்லை. ஒரு இன்சூரன்ஸ் கார்டுக்காக அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வெளியே போய்விட்டு வந்தால் வாரம் முழுக்க வீட்டில் உங்கள் கதைதான்.

அவள் அம்மா வேலை பார்க்கும் இடத்தில் இன்சூரன்ஸே கிடையாது. வெளியில் தனியாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. விவாகரத்தானதும் உங்கள் கம்பெனி பாலிசியிலிருந்து மனைவி பெயரை எடுப்பது சரி, மகள் பெயரையும் சேர்த்து ஏன் எடுத்தீர்கள்?

இன்சூரன்ஸ் இருந்தாலும் அது ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குத்தான். டாக்டர் ஃபீஸ், இன்ஹேலர், டெஸ்ட் எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. அதை நீங்களும் அவள் அம்மாவும் சம்பளத்துக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதி வேண்டாம், உங்கள் சம்பளம் எங்கே, அவருடையது எங்கே! 2020இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றமும் பிள்ளைகள் செலவில் இப்படி விகிதம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது.

மறுமணம் செய்தால் மனைவிக்கான ஜீவனாம்சத்தை கோர்ட் நிறுத்தலாம். பிள்ளைக் கணக்கு வேறு. 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில் ஜீவனாம்சம் என்றால் சாப்பாடு, துணி, இருப்பிடம், படிப்பு, வைத்தியம் எல்லாமும்தான். கொடுக்க வேண்டியவர்கள் அப்பாவும் அம்மாவும். மாற்றாந்தந்தை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் விவாகரத்து ஒப்பந்தத்தில் மாதத் தொகை மட்டும் எழுதி வைத்தியத்தை விட்டுவிட்டார்கள். பிள்ளை சம்பந்தப்பட்ட உத்தரவைப் பிறகும் மாற்றலாம், ஆனால் அதற்காகத் திரும்ப கோர்ட் படி ஏற யாருக்கும் ஆசையில்லை.

ஹெச்.ஆரிடம் கேட்டு அடுத்த ரினியூவலில் பெயரைச் சேருங்கள். ஈ-கார்டை அவள் அம்மாவுக்கு அனுப்பினால் போதும், எனக்கு வேண்டாம்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், அவர் சம்பளத்திலிருந்து யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஒரு இன்ஹேலரும், அதில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் மட்டும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஸ்பேசரை எப்படிப் பிடிப்பது என்று பாப்பாவிடமே கேட்கச் சொல்லுங்கள், நன்றாகக் காட்டித் தருவாள்.